நாலில் ஒன்று என்று நான் கேட்டது

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரும் கல்யாணம் கட்டி, அவரவர் அடுப்பு மூட்டிப் பிழைக்கிறார்கள். றொசல்லைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் நாற்பத்திரண்டு வருஷம் கொழுந்து எடுத்தேன். உடம்புக்கு முடியவில்லை என்று நான் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் இருந்தேன். எழுத்து தெரியும். கொம்பும் காலும் இடம் மாறிப் போகும். கண்டி ஆஸ்பத்திரி வார்டில் ஒரு மிஸ்ஸி (தாதி), இந்த நோய் வந்த பிள்ளைகளின் வீட்டாருக்காக ஒரு சின்னப் புத்தகம் போடப் போகிறோம், உங்களுக்குப் பட்டதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். தப்பை அவர்கள் திருத்திக்கொள்ளட்டும். நான் அவசரப்படாமல் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் கை ஓடுகிறது.

நான் எழுதப்போவது என் பேரப்பிள்ளைகளுக்கு வந்த ரத்த நோயைப் பற்றி. அதில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும். அந்தப் பிழையை என் மருமகள் பார்வதியிடம் இன்று வரைக்கும் நான் வாய் திறந்து ஒத்துக்கொண்டதில்லை. எனக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

பார்வதி என் கூடப் பிறந்த அண்ணன் மகள். என் கடைசி மகன் சந்திரனுக்கு அவளைக் கட்டி வைத்தேன். முறைப்பெண் இருக்கும்போது வெளியில் தேடுவது எங்களில் வழக்கமில்லை. நானும் தாய்மாமன் மகனைக் கட்டியவள்தான். சந்திரன் தேயிலை பாக்டரியில் வேலை பார்த்தான், பார்வதி கொழுந்து எடுத்தாள். எல்லாரும் ஒரே காம்பராவில் (லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை) இருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர்களுக்கு தேவி பிறந்தாள். ஐந்தாறு மாதத்தில் பிள்ளை வெளுக்க ஆரம்பித்தாள். எனக்கு அது நோயாகத் தெரியவில்லை. என் அம்மாவின் நிறம் வருகிறது என்று நினைத்தேன். பேத்தி சிவப்பாக வருகிறாள் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீங்கள் யாராவது இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தால், பிள்ளையின் உள்ளங்கையையும் கண்ணின் கீழ் இமையையும் ஒரு தரம் பாருங்கள்.

முதலில் கண்டுபிடித்தவள் பிள்ளைமடுவத்து ஆயம்மா. வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது.

"ஏங்கக்கா, இந்தப் புள்ள அழுவுறதுக்குக்கூட சோம்பல் படுது. உள்ளங்கைய பாருங்க, கோதும மாவுல கைய விட்டு எடுத்த மாதிரி இருக்கு."

"ஒங் கண்ணுலதான் மாவு. எங்க வீட்டு நெறம் அது," என்றேன்.

"நெறம்னா மூஞ்சில இருக்கும். நாக்குலயுமா இருக்கும்?"

அன்றைக்கே டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மருந்து கொடுத்தார்கள். எங்கள் தோட்டத்தில் பாதிப் பெண்களுக்கு ரத்தம் குறைவுதான், எல்லாருக்கும் அதே மருந்துதான். நான் ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டி ஊற்றினேன். முருங்கைக்கீரைச் சாறு கொடுத்தேன், ஆட்டு ஈரல் வாங்கி வேகவைத்து மசித்துக் கொடுத்தேன். மூன்று மாதம் இப்படி ஓடியது. பிள்ளையின் வயிறு மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. கையும் காலும் குச்சி.

லயத்தில் வாய் சும்மா இருக்குமா? பீலிக்கரையில் (தண்ணீர் பிடிக்கும் இடம்) ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள்: "கங்காணி மகளுக்கு எல்லாம் கூடுதல்னு சொல்லுவாளே, பேத்திக்கு ரத்தம் மட்டும் கொறஞ்சி போச்சாம். மொத்தத்தையும் அட்டைக்குக் குடுத்துட்டா போல."

கங்காணி மகள் என்றது என்னைத்தான், என் அப்பா கங்காணியாக (வேலையை மேற்பார்ப்பவர்) இருந்தவர். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இல்லையென்றால் அன்றைக்கு அவள் தலைமயிர் என் கையில் இருந்திருக்கும்.

தேவிக்கு ஒரு வயது ஆகும்போது காய்ச்சலில் மூச்சு வாங்கியது. கண்டிக்கு அனுப்பினார்கள். றொசல்லையில் காலை ரயில் ஏறினோம். அந்த ஆஸ்பத்திரியின் நீள நடையில் நான் கண்டது இன்னும் கண்ணில் இருக்கிறது. தேவியைப் போலவே ஏழெட்டுப் பிள்ளைகள் வாங்கில் (பெஞ்சு) வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் நெற்றி முன்தள்ளி, கன்ன எலும்பு உயர்ந்து, மூக்கு அமுங்கியிருந்தது. வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், ஆனால் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி முகம். தேவியைப் பார்த்தேன். அதே முகம் வந்துகொண்டிருந்தது.

பிள்ளைக்கு ரத்தம் ஏற்றுமுன் சோதனைக்கு எடுத்தார்கள். பார்வதிக்கும் சந்திரனுக்கும்கூட எடுத்தார்கள். சந்திரன் ஊசியைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"பிள்ளைக்குத்தான நோய், எனக்கு எதுக்கு?" என்றான்.

"ஒங்கள கட்டுனப்பவே எனக்குத் தெரியும், கொசுவுக்கே பயப்படுற ஆளுன்னு. கைய நீட்டுங்க," என்றாள் பார்வதி. அவள் சிரித்துப் பேசியதில் எனக்கு நினைவிருக்கிற கடைசிப் பேச்சு அதுதான்.

முடிவு சொல்லும் நாளில் தாயும் தகப்பனும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பார்வதி பத்து நாளாகப் பெரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம்) போகவில்லை. நான்தான் சொன்னேன்: "ரெண்டு பேரும் வேலைக்குப் போங்க. நான் புள்ளைய கூட்டிட்டுப் போறேன். நாலு எடத்துல பேசத் தெரிஞ்சவ நான்."

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுவார்.

"தாய் தகப்பன் வரேல்லையோ, அம்மா?"

"நான் வந்திருக்கேன்லங்க ஐயா. எங்கிட்ட சொல்லுங்க."

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். நோயின் பெயர் தலசீமியா (தாய் தகப்பன் வழியாகப் பிள்ளைக்கு வரும் ரத்தக் குறை). நம் ரத்தத்துக்குச் சிவப்பைத் தருகிற பொருளை எப்படிச் செய்ய வேண்டும் என்று உடம்புக்குள் ஒரு குறிப்பு இருக்கிறதாம். ஒவ்வொருவருக்கும் அந்தக் குறிப்பு இரண்டு இருக்கும். ஒன்று தாய் கொடுத்தது, இன்னொன்று தகப்பன் கொடுத்தது. ஒன்று கெட்டிருந்தாலும் மற்றதை வைத்து உடம்பு சமாளித்துக்கொள்ளும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டும் கெட்டதாக ஒரு பிள்ளைக்கு வந்து சேர்ந்தால்தான் இந்த நோய். பார்வதிக்கும் சந்திரனுக்கும் ஆளுக்கொன்று கெட்டிருந்தது.

"சொந்தத்துக்குள்ள கட்டினவையோ?"

"ஆமாங்க. எங்க அண்ணன் மக."

"அதுதான். ஒரு வீட்டுக் குறை ரெண்டு பக்கத்தாலயும் வந்து சந்திச்சிட்டுது. சொந்தமில்லாத ஆக்களுக்கும் வரும், ஆனா சொந்தத்துக்க கட்டேக்க சந்திக்கிறது கூட." பிறகு கேட்டார்: "உங்கட பிள்ளையளில ஆரும் சின்னனிலேயே தவறினவையோ?"

"இல்லீங்க ஐயா. ஆறு பேரும் நல்லா இருக்குதுங்க," என்றேன்.

நான் பெற்றது எட்டு. மூன்றாவதும் ஐந்தாவதும் இரண்டு வயது தாண்டவில்லை. வெளுத்து, வயிறு வீங்கிப் போனார்கள். சோகை தட்டிவிட்டது என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். தாயின் பால் சரியில்லை என்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ஆறு என்றுதான் சொல்வேன். டாக்டரிடமும் ஆறு என்றேன். அவரிடம் மறைத்ததால் தேவியின் வைத்தியம் மாறிவிடவில்லைதான். ஆனாலும் நீங்கள் மறைக்காதீர்கள். செத்த பிள்ளைகளையும் எண்ணிச் சொல்லுங்கள்.

கடைசியாக டாக்டர் சொன்னார்: "இன்னொரு பிள்ளை பெறமுதல் ரெண்டு பேரையும் என்னட்டக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நாலில ஒண்டு, அம்மா. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில ஒண்டு, இந்த வருத்தம் வரலாம். விளங்குதோ?"

"வெளங்குதுங்க. நாலுல ஒன்னு. நானே சொல்லிடுறேன்."

"ஓம், சொல்லுங்கோ. ஆனா அவையையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ."

நான் கூட்டிக்கொண்டு போகவில்லை.

எனக்கு என்ன விளங்கியது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல மலையில் வேலை எப்படிப் பிரிப்பார்கள் என்று சொல்ல வேண்டும். காலையில் கங்காணி ஆளுக்கு ஒரு நிரை (தேயிலைச் செடிகளின் வரிசை) காட்டுவார். எங்கள் ஆறாம் நம்பர் மலையில் பாறை ஓரமாக ஒரு நிரை இருந்தது. கால் வைக்க இடமிருக்காது, அட்டை மொய்க்கும், கொழுந்தும் இருக்காது. யாருக்கும் அது பிடிக்காது. அதனால் நாங்கள் நான்கு பேர் ஒரு செட்டாக இருந்து, அந்தக் கெட்ட நிரையை முறை வைத்து எடுத்தோம். ஒரு தரம் எனக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்று தரம் எனக்கு வராது. நாலில் ஒன்று. நாற்பத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்த நாலில் ஒன்று அதுதான்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் என்று டாக்டர் சொன்னதும் காதில் விழுந்தது. அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். பார்வதி ஏற்கெனவே மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். பிள்ளை பெறாமல் இருக்க ஆபரேஷன் செய்துகொள்ளத் தோட்டத்து மருத்துவிச்சியிடம் பேர் கொடுத்திருந்தாள்.

"இனி வேணாம் அத்த. இந்த ஒன்ன காப்பாத்துனா போதும்."

"கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? நாலுல ஒன்னுதான்னு டாக்டரே சொல்லிட்டாரு. கெட்ட நெர மொதல்லயே வந்துருச்சு. இனி மூனும் நல்ல நெரதான். நாளைக்கு இந்தப் புள்ளைக்கு ஒத்தாசைக்கு ஒரு தம்பி தங்கச்சி வேணாமா?"

சந்திரன் கதவுப்பக்கம் நின்றான். "அம்மா, நாங்களும் ஒருக்கா போயி கேட்டுட்டு வந்தா என்ன?"

"ஏன், எம் பேச்சு பத்தாதா? நான் என்ன தண்ணியப் போட்டுட்டா கேட்டுட்டு வந்தேன்?"

அவன் வெளியே போய்விட்டான். பார்வதி மருத்துவிச்சியிடம் கொடுத்த பேரை எடுத்துவிட்டாள்.

குமரன் பிறந்தபோது தேவிக்கு மூன்று வயது. அவளுக்கு மாதம் ஒரு தரம் கண்டியில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தோம். குமரன் கொழுகொழுவென்று, தக்காளிப் பழம் மாதிரி இருந்தான். நான் தூக்கிக்கொண்டு லயம் லயமாகக் காட்டினேன். அந்தப் பீலிக்கரைக்காரியிடமும் காட்டினேன். "பாத்துக்க, ரத்தம்," என்றேன்.

பிறந்த குழந்தையின் ரத்தம் வேறு வகை என்றும், ஆறு மாதம் போல் அது மாறி உடம்பு தன் ரத்தத்தைச் செய்யத் தொடங்கும்போதுதான் குறை வெளியே தெரியும் என்றும் அப்போது எனக்குத் தெரியாது.

நான்காம் மாதத்திலிருந்து காலையில் வாசலுக்குத் தூக்கிப்போய், வெயிலில் அவன் காது மடலைப் பார்க்க ஆரம்பித்தேன். வெயில் பட்டால் காது சிவப்பாகத் தெரிய வேண்டும். யாருக்கும் தெரியாமல்தான் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வெளியே வந்தால், பார்வதி பிள்ளையை வெயில் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு அதே காதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என்னைக் கண்டதும் குல்லாயை இழுத்து மூடிவிட்டாள். நான் பல் விளக்கப் போனேன்.

ஏழாம் மாதம் சந்திரன், பார்வதி, நான் மூன்று பேரும் குமரனைத் தூக்கிக்கொண்டு கண்டிக்குப் போனோம். அதே டாக்டர். காகிதத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இவருக்கும் இருக்கு. அம்மா, நான் அண்டைக்கு உங்களுக்கு என்ன சொன்னனான்?"

"நாலுல ஒன்னுன்னு சொன்னீங்க ஐயா."

பார்வதி குறுக்கே பேசினாள். டாக்டர்மாருக்கு முன்னால் அவள் பேசி நான் பார்த்ததில்லை. "ஒன்னுக்கு வந்துட்டா இனி மூனுக்கு வராதுன்னு நீங்க சொன்னதா அத்த சொன்னாங்க."

"அப்பிடி நான் சொல்லேல்லை, பிள்ளை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எண்டு சொன்னனான்."

பார்வதி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை, அழவும் இல்லை. என்னை முதல் தடவை பார்ப்பது மாதிரிப் பார்த்தாள்.

"எட்டுங்க ஐயா. நான் பெத்தது எட்டு. ரெண்டு வெளுத்துச் செத்துச்சு," என்றேன். டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. நான் தப்பாக விளங்கிக்கொண்டேன், தப்பாக வந்து சொன்னேன் என்று பார்வதியிடம் சொல்லியிருக்க வேண்டும். ரயிலில் நான்கு மணி நேரம் இருந்தது. கம்பளையில் சொல்லலாம், நாவலப்பிட்டியில் சொல்லலாம் என்று வட்டவளை வரைக்கும் வந்துவிட்டேன். றொசல்லையில் இறங்கும்போது, "கொடைய மறந்துறாத," என்றேன்.

அன்றிலிருந்து பார்வதி என்னை அத்தை என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். சண்டை இல்லை. சோறு போடுவாள், துணி துவைத்துப் போடுவாள். பத்தடி காம்பராவில் ஆளுக்கு ஆள் முட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும், பேசாமல் இருக்க முடியாது. ஆனால் என்னிடம் சொல்ல வேண்டியதைத் தேவியிடம் சொல்வாள். "தேவி, அப்பாயிய சாப்புட சொல்லு." நான் அவளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பேன். தேவி என்னைப் பார்த்து, "அப்பாயி, சாப்புடணுமாம்," என்பாள். நான், "பசியில்லன்னு சொல்லு," என்பேன். "அம்மா, பசியில்லையாம்." ஒரு நாள் தேவிக்கு அலுத்துப் போய்விட்டது. "எனக்கு ரெண்டு பேரும் தபால் கூலி குடுக்கணும்," என்றாள். நான்கு வயதுப் பிள்ளை. யாரும் சிரிக்கவில்லை.

நாலில் ஒன்று என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. யாரும் சொல்லித் தரவில்லை. நான் குமரியாக இருந்த காலத்தில் தேயிலையை விதை போட்டுத்தான் முளைக்க வைப்போம். இப்போது மாதிரிக் கிளையை வெட்டி நடுவது குறைவு. வெட்டி நட்ட கிளை தாய்ச்செடி மாதிரியே வரும். விதை அப்படி இல்லை. ஒரே மரத்து விதையில் ஒன்று கறுத்த இலையாக வரும், ஒன்று வெளிர் இலையாக வரும், ஒன்று சூம்பிப் போகும். நாற்றுமேடையில் இந்தக் கன்று சூம்பிவிட்டது, அதனால் அடுத்தது நன்றாக வரும் என்று யாராவது சொன்னால் சிரித்திருப்போம். பக்கத்தில் என்ன முளைத்தது என்று விதைக்கு எப்படித் தெரியும்? அது புதிதாக விழுகிறது. எனக்கு இது தெரியும். என் கையாலேயே ஆயிரம் விதை ஊன்றியிருக்கிறேன். டாக்டர் நாலில் ஒன்று என்றபோது என் மனம் விதைப் பக்கம் போகவில்லை, நிரைப் பக்கம் போய்விட்டது. மனிதன் விதையில் வருகிறவன்.

உங்களுக்கு யாராவது நாலில் ஒன்று என்று சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். முறை கிடையாது. முதல் பிள்ளைக்கு வரலாம், இரண்டாவதுக்கும் வரலாம், நான்குக்கும் வரலாம், ஒன்றுக்கும் வராமலும் போகலாம்.

குமரனுக்கு மூன்று வயதும் ஏழு மாதமும் ஆனபோது, ஆனி மாத மழையில் மலை சரிந்து ரயில் பாதையை மூடியது. ரோட்டிலும் மண். அன்றைக்கு மறுநாள் அவனுக்கு ரத்தம் ஏற்றும் நாள். போக முடியவில்லை. தேவி அதற்கு முந்தின வாரம்தான் ஏற்றிக்கொண்டிருந்தாள், அவள் தாங்கினாள். குமரன் இரண்டாம் நாள் வாசல் படி ஏறவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

நான்காம் நாள் காலையில் ரோட்டு மண்ணை ஒரு பக்கமாக ஒதுக்கினார்கள். தோட்டத்து லொறியில் ஏறினோம். சந்திரன் முன்னால் உட்கார்ந்தான். பார்வதி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால், நான் பக்கத்தில். தார்ப்பாயில் மழை கொட்டியது. நாவலப்பிட்டி தாண்டிய பிறகு பார்வதி சொன்னாள்:

"புள்ளைய புடிங்க அத்த. எங் கை மரத்துப் போச்சு."

நான் வாங்கிக்கொண்டேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் என்னை அத்தை என்றாள். பிள்ளை நெருப்பாகக் கொதித்தான். "அப்பாயி, தண்ணி," என்றான். முந்தானையை மழைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தேன். கொஞ்சம் சப்பினான். கம்பளையைத் தாண்டி ஒரு மைல் போயிருப்போம். என் மடியில் கனம் மாறியது. பிள்ளை தூங்கும்போதும் கனம் மாறும், அது வேறு. எட்டுப் பெற்றவளுக்கு வித்தியாசம் தெரியும்.

நான் பார்வதியிடம் சொல்லவில்லை. பேராதனைப் பாலம் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தரமும் குனிந்து பார்க்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடக்கம் முடிந்து பதினைந்து நாள் போயிருக்கும். இரண்டு பேரும் விறகு உடைத்துக்கொண்டிருந்தோம். பார்வதி கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்க பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும் அத்த."

நான் அடுத்த விறகை எடுத்தேன்.

"தெரியாதத தெரியும்னு சொன்னீங்க. அதுதான் எனக்கு ஆற மாட்டேங்குது. வேணாம்னு பேரு குடுத்தவ நான். ஒங்க பேச்ச நம்பி எடுத்தவளும் நான். இப்ப நான் யாரப் போயி கேக்குறது?"

அவள் எனக்காகக் காத்திருந்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தாள். "அடுப்பு பொகையுது, போயி பாரு," என்றேன். அவள் எழுந்து போனாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. இப்போது அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். முன்பு கூப்பிட்ட மாதிரி இல்லை.

தேவிக்கு இப்போது பதின்மூன்று வயது. பார்த்தால் ஒன்பது வயது என்பார்கள். ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்பும் உடம்புக்குள் போய்த் தங்கிவிடுகிறது. வெளியே போக வழி தெரியாமல் ஈரலிலும் நெஞ்சிலும் படிகிறது. நான் கரண்டி கரண்டியாக ஊற்றியதும் அதே இரும்புதான் என்று அறிந்தபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதை வெளியே எடுக்க ஒரு சின்ன பம்பு (மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளும் பெட்டி) தந்திருக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள், சாயங்காலம் வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி ஏற்றிப் பெட்டியை இடுப்பில் கட்டினால் விடிந்துதான் கழற்ற வேண்டும். ஊசியை அவளே போட்டுக்கொள்கிறாள்.

"அப்பாயி, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிங்க. அட்டைய கையால புடுங்கி எறிஞ்ச வீராங்கனை, இந்த ஊசிக்குக் கண்ண மூடுறீங்க," என்பாள்.

போன தடவை நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். இருதயம் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, கவனமாக இருங்கள் என்றார்கள். கவனமாக என்றால் எப்படி என்று கேட்டேன். பம்பை ஒரு நாளும் விடக்கூடாது என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

என் மூத்த மகள் போன மாதம் தன் மகனுக்கு எங்கள் சொந்தத்தில் பெண் கேட்கப் போவதாகச் சொல்ல வந்தாள். முதலில் இரண்டு பேரையும் கண்டிக்குக் கூட்டிப்போய் ரத்தத்தைப் பார், இரண்டிலும் குறை இருந்தால் கட்டாதே என்றேன். "நீதானம்மா எல்லாருக்கும் சொந்தத்துல கட்டி வச்ச," என்றாள். ஆமாம், நான்தான். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். இன்னும் தகவல் இல்லை.

முன்பெல்லாம் என் உடம்பைப் பார்த்தால் எனக்குக் கர்வமாக இருக்கும். இந்த வயதிலும் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துப் படி ஏறுவேன். இப்போது குளிக்கும்போது கையைப் பார்க்கிறேன். இந்த நரம்பில் ஓடுவதில்தான் அது இருந்தது. என் அப்பனோ ஆத்தாளோ எனக்குக் கொடுத்தது, அண்ணனுக்கும் கொடுத்தது. எழுபத்து மூன்று வருஷமாக என்னை அது ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள் தலை சுற்றியதில்லை. எனக்கு வலித்திருந்தாலாவது முன்பே தெரிந்திருக்கும்.

நாளும் மாறிவிட்டது. எனக்கு இப்போது ஆவணி, புரட்டாசி எல்லாம் நினைவில் நிற்பதில்லை. தேவிக்கு ரத்தம் ஏற்றிய முதல் வாரம் அவள் படியைத் தாவி இறங்குவாள். இரண்டாம் வாரம் நடந்து இறங்குவாள். மூன்றாம் வாரம் சுவரைப் பிடிப்பாள். நான்காம் வாரம் ரயில். அதற்கு அப்பால் யோசிக்க நான் பழகவில்லை.

இனி என் வாயில் வராததை எழுதி வைக்கிறேன். பார்வதி, டாக்டர் சொன்னதை நான் தப்பாக விளங்கிக்கொண்டு, தெரிந்தவள் மாதிரி உன்னிடம் வந்து சொன்னேன். தப்பு என்னுடையது. நீ என் பேச்சை நம்பியது தப்பில்லை.

எழுதி முடிக்கும்போது தேவி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். மூன்றாம் வாரம், அதனால் மெதுவாக வருகிறாள். பார்வதி அடுப்படியில் ரொட்டி தட்டுகிறாள்.

"தேவி, இங்க வா கண்ணு. மூச்சு வாங்குதா? ஒக்காந்துக்க. இத எனக்குப் படிச்சுக் காட்டு."

"என்ன அப்பாயி, இவ்ளோ பக்கம்? யாரப் பத்தி?"

"நம்மளப் பத்தித்தான். சத்தமா படி, ஒங்கம்மாவுக்குக் கேக்கணும். தம்பி வர்ற எடத்துல முடியலன்னா நிறுத்திக்க, தண்ணி குடிச்சிட்டுப் படி. ஆனா ஒரு வார்த்தகூட விட்றாத."